காய்வதற்குள் ஒரு விரல்

‘ஈரமாக இருக்கிறது, தொடாதீர்கள்’ என்று எழுதி வைத்தால், எவ்வளவு ஈரம் என்று பார்ப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உலகத்தில் உண்டு. தொட்டுப்பார்ப்பவர்கள் என்று பெயர். உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். போன வருஷம் வாசல் கதவுக்கு வர்ணம் அடித்தீர்களே, கைப்பிடிக்கு நாலு விரற்கடை மேலே ஒரு சுழி தெரிகிறதே, அது யாருடையது என்று நினைத்தீர்கள்? வர்ணம் அடித்தவரைத் திட்டியிருப்பீர்கள். பாவம் அந்த மனிதர்.

இவரைச் சாதாரண அவசரக்காரரோடு சேர்த்துவிடக் கூடாது. அவசரக்காரருக்கு வேலை முடிய வேண்டும். இவருக்கு அந்தக் கவலையே கிடையாது. முடிந்துகொண்டிருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

பொருள்களில் நடக்கும் மாற்றம் இரண்டு வகை என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பனிக்கட்டி உருகும், திரும்ப உறைய வைக்கலாம். மெழுகு இளகும், ஆறினால் பழைய மெழுகுதான். இந்த வகையில் எத்தனை விரல் வேண்டுமானாலும் விடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. இன்னொரு வகை இருக்கிறது. பால் தயிராவது, மாவு கேக்காவது, சிமெண்ட் கல்லாவது, சிராய்ப்பு ஆறிப் புதுத் தோலாவது. இவையெல்லாம் ஒரே ஒரு தடவை நடக்கும். நடக்கிறபோது யாரும் பக்கத்தில் நின்று முகத்தை முகத்தைப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டாவது பாடம் நடந்த அன்று வகுப்புக்கு வராதவர்கள்தான் வளர்ந்து பெரியவர்களாகித் தொட்டுப்பார்ப்பவர்கள் ஆகிறார்கள் என்பது என் கட்சி.

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒருவர் இருக்கிறார். நான் இரண்டாவது மாடி. நேரில் எல்லோரும் அவரை ‘சார்’ என்போம். முதுகுக்குப் பின்னால் ‘விரலார்’. ஐம்பத்திரண்டு வயது, நல்ல மனிதர், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். நெற்றியில் கையை வைத்துச் சூடு இறங்கிவிட்டதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பார். தூங்குகிற நோயாளியை எழுப்பி, “தூக்கம் வந்துச்சா?” என்று கேட்பார்.

அவருக்குப் பதிவு அலுவலகத்தில், ஆவணங்களுக்கு முத்திரை குத்தும் மேசையில் வேலை. மை காய்ந்ததா என்று பார்க்காமல் ஒரு தாளையும் வெளியே விடமாட்டார். அதனால் அவர் கைபட்ட ஒவ்வொரு பத்திரத்திலும் முத்திரைக்குப் பக்கத்தில் நீலமாக, மங்கலாக ஒரு சுழி இருக்கும். கையெழுத்தும் போட்டுக் கைநாட்டும் வைக்கிற ஒரே படித்த மனிதர் என்று அலுவலகத்தில் அவருக்குப் பெயர். ஒரு தடவை சுழியே இல்லாமல் சுத்தமாகப் போன பத்திரத்தை, மேலதிகாரி போலி என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். விசாரித்தால், அன்றைக்கு விரலார் விடுப்பு.

போன வருஷம் எங்கள் கட்டடத்தின் கடைசிப் படி உடைந்து, கொத்தனார் வந்து புதிதாகப் பூசிவிட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, குறுக்கே ஒரு பலகையும் போட்டார். நாங்கள் எல்லோரும் பலகை மேல் ஏறி ஒழுங்காகப் போய்வந்தோம். விரலார் மட்டும் படிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“என்னப்பா, காஞ்சிடுச்சா?”

“சிமெண்ட் காயுறது இல்ல சார். தண்ணியோட சேர்ந்து இறுகுது. அதுக்குத்தான் சாக்கு போட்டுத் தண்ணி ஊத்துறோம். காய விட்டா வெடிச்சிடும்.”

“ஓ, காயுறதே இல்லையா!” என்றார் விரலார். புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்ட மகிழ்ச்சி முகத்தில் பொங்கியது. “அப்படின்னா, இறுகிடுச்சா?”

கேட்கிறபோதே விரல் உள்ளே இருந்தது.

வீட்டுக்குள்ளே அவர் படுத்தும் பாடு தனி. அவர் மனைவி, பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறவர். அடுப்புக்குள் மாவு உப்பிக்கொண்டு வருகிற நேரம் இருக்கிறதே, அப்போது கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு நடு அமுங்கிவிடும் என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. இது விரலாருக்கும் தெரியும். இருபத்து நாலு வருஷமாகத் தெரியும்.

“யாரு திறந்தது?”

“உப்பிடுச்சான்னு பாத்தேன்.”

“உப்பிடுச்சு. நீங்க பாத்தீங்க. உக்காந்துடுச்சு.”

அதிலிருந்து கேக் வேகிற நாற்பது நிமிஷமும் அந்த அம்மாள் அடுப்புக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் மரக்கரண்டியோடு உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்கள் கேக்கைக் காவல் காக்கிறார் என்று நினைப்பார்கள். இல்லை, கல்யாணத்தைக் காத்துக்கொண்டிருந்தார்.

ஆறு தொட்டிகளில் அவரைக்காய் விதை போட்டார் விரலார். தினமும் காலையில் மண்ணைக் கிளறி, ஒவ்வொரு விதையாக வெளியே எடுத்து, முளை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடி புதைப்பார். பதினெட்டாம் நாள் விதைக் கடைக்குப் போய், ‘ஒண்ணுகூட முளைக்கல, மட்ட விதை’ என்று சண்டை போட்டுவிட்டு வந்தார். முழங்காலில் நாலு நாளில் ஆறியிருக்க வேண்டிய சிராய்ப்பு ஒன்று நாலு மாதமாக இருந்தது. மருத்துவர் கேட்டாராம்: “இதுக்கு என்ன போடுறீங்க?” இவர் சொன்னாராம்: “ஒண்ணும் போடல டாக்டர், பொருக்கு கட்டிடுச்சா, கீழ தோல் வந்துடுச்சான்னு எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கேன்.” மருத்துவர் சீட்டில் ஒரே வரி எழுதிக்கொடுத்தார். ‘பார்க்க வேண்டாம். தினமும் மூன்று வேளை.’

இத்தனையும் நாங்கள் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டோம். ஆனால் அவருடைய அண்ணன் பொறுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அண்ணன் தச்சர். பேச்சு குறைவு, வேலை நிறைவு. ஒரு நூலகத்தின் படிப்பறைக்காக, பன்னிரண்டு பேர் சுற்றி உட்காரும்படி ஒரு வட்ட மேசை செய்தார். நாலு மாத வேலை. கடைசியாக வார்னிஷ், ஐந்து பூச்சு. ஒவ்வொரு பூச்சையும் இரண்டு நாள் இறுகவிட்டு, தேய்த்து, துடைத்து, மறுபடி பூசி, ஐந்தாவதைப் பூசிவிட்டு, தூசி வரக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, கதவையும் சாத்திவிட்டுக் குளிக்கப் போனார். மூன்றாம் நாள் காலையில் மேசை நூலகத்துக்குப் போக வேண்டும்.

அந்த அரை மணி நேரத்துக்குள் தம்பி வந்தார். மனைவி கொடுத்தனுப்பிய கேக்கோடு வந்தார். கதவைத் திறந்தார். உள்ளே குளம் மாதிரி மேசை மின்னிக்கொண்டிருந்தது. ஓரமாகத் தொட்டிருந்தாலாவது பரவாயில்லை. எட்டி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, நட்ட நடுவில் பெருவிரலை வைத்தார்.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“யாருடா இது?”

இங்கேதான் விரலார் வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் செய்தார்.

“ஈ உக்காந்திருக்கும்ணே.”

“ஈக்குப் பெருவிரல் ரேகை இருக்குமாடா?”

“பெரிய ஈயா இருக்கலாம்.”

அண்ணன் கேக்கை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, கதவைத் திறந்து காட்டினார். அதற்கப்புறம் மூன்று வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த மூன்று வருஷத்தில் கோபம் தானாக ஆறியிருக்கும். கோபமும் ஒரு கொதிப்புதானே? இறக்கி வைத்தால் ஆறும். விரலார் விட்டால்தானே! மாதம் ஒரு தடவை அண்ணனுக்குத் தொலைபேசி அடிப்பார். அண்ணன் எடுத்து, “யாரு?” என்பார். குரலில் கோபம் இருக்கிறதா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டு, இவர் வைத்துவிடுவார். அங்கே, அதுவரை மேசையை மறந்து வேறு ஏதோ இழைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு, மேசை ஞாபகம் வந்துவிடும்.

“விட்டுடுங்க. ஆறினா அவரே கூப்பிடுவாரு” என்பார் மனைவி.

“ஆறிடுச்சான்னு எப்படித் தெரியும்?”

“கூப்பிடுவாருன்னு சொல்றேனே!”

“அதுக்கு முன்னாடியே ஆறியிருந்தா?”

இந்த மனிதரோடு வாதாட முடியுமா?

போன மாதம் ஒரு மத்தியானம் விரலார் என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது. அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். அவர் தன் அக்காவைப் பார்க்க வெளியூர் போயிருந்த நேரத்தில், அண்ணன் முக்காலி மேல் ஏறி அலமாரிக்குக் கீல் மாட்டும்போது விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பக்கத்துக் கடைக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். “நான் வந்து சேர சாயங்காலம் ஆயிடும் தம்பி. நீங்க போங்க. அவர் பேசலன்னாலும் பரவாயில்ல, பக்கத்துல நில்லுங்க” என்றாராம் அண்ணி.

என் பழைய ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க என் தோளைப் பிடித்திருந்த அவர் கை வேறு எதையும் தொடவே இல்லை. கேலிக்கென்று எழுத உட்கார்ந்தாலும் அந்தப் பிடியை நான் கேலி செய்ய மாட்டேன்.

மாவுக்கட்டு போடும் அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் அண்ணன். இன்னொன்று காலி. கட்டுப் போடும் அம்மாள் அப்போதுதான் வேலையை முடித்து, நல்ல வெள்ளையாக, சொதசொதவென்று, முழங்கால் வரைக்கும் கட்டை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். வாட்டசாட்டமான பெண்மணி. அடுப்புக்கு முன்னால் மரக்கரண்டியே இல்லாமல் உட்காரக்கூடியவர்.

“நீங்க யாரு?”

“தம்பி” என்றார் விரலார்.

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நல்லதாப் போச்சு. இது இறுக இருபது நிமிஷம் ஆகும். முழுசா காய ரெண்டு நாளாகும், அது வேற. இறுகும்போது சூடா இருக்கும், பயப்பட வேணாம், மாவும் தண்ணியும் சேர்ந்தா அப்படித்தான். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. தூக்கணும்னா உள்ளங்கையால தாங்கணும். விரல் படவே கூடாது. பட்ட இடம் குழிஞ்சு உள்ள தோலை அழுத்தும், புண்ணாயிடும். புரிஞ்சுதா?”

விரல் படவே கூடாது! உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இதை யாரிடம் சொல்கிறார் பாருங்கள். விரலார் தலையாட்டினார். அந்த அம்மாள் அடுத்த அறைக்குப் போனார். நான் வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதல் நாலு நிமிஷம் விரலார் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் தன்னை அப்படி அடக்கி நான் பார்த்ததே இல்லை. ஐந்தாவது நிமிஷம் அண்ணன் விட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “சுடுது.”

தம்பியிடம் சொன்னதாகச் சொல்ல முடியாது. ஆனால் அறையில் வேறு யாரும் இல்லை. மூன்று வருஷத்துக்கு அப்புறம் விழுந்த முதல் வார்த்தை.

“ரொம்பவா அண்ணே?”

விரலார் எழுந்தார். கட்டைப் பார்த்தார். குனிந்தார். நான் வாசலிலிருந்து, “சார்!” என்று கத்தினேன். கத்தி என்ன புண்ணியம்? சூடு எவ்வளவு என்று பார்க்கப் போன விரல், இறுகியிருக்கிறதா என்றும் ஒரு கை பார்த்துவிட்டது. சரியாகக் கெண்டைக்காலுக்கு முன்னால், கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒரு பள்ளம்.

அந்த அம்மாள் கத்தலைக் கேட்டு வந்துவிட்டார். கட்டைப் பார்த்தார்.

“யாரு வேலை இது?”

அண்ணன் விட்டத்திலிருந்து மெதுவாகத் திரும்பி, தம்பியின் வாயையே பார்த்தார். சொல்லுகிறேன், அந்த ஜன்னலில் நிஜமாகவே இரண்டு ஈ உட்கார்ந்திருந்தன. சாட்சிக்கு ஆள் தயார். விரலார் அவற்றையும் ஒரு தடவை பார்த்தார்.

“நான்தான்” என்றார். “நான்தாம்மா தொட்டேன். அவரு மேல தப்பு இல்ல. அன்னைக்கும் நான்தான்.”

அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று அந்த அம்மாளுக்கு என்ன தெரியும்? “எத்தனை தடவை தொட்டீங்க?” என்று அதட்டினார். அதற்கு அவரால் உண்மையான கணக்குச் சொல்லியிருக்கவே முடியாது. 

வேறு வழியில்லை. கட்டை அறுத்தெடுத்து, மறுபடி முதலிலிருந்து சுற்றினார்கள். காலைத் தூக்கும்போதெல்லாம் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார். தம்பி, ஒவ்வொரு தடவையும், தனக்கே வலிப்பதுபோல முகத்தைச் சுளித்தார். இரண்டாவது கட்டும் முடிந்தது. அதே சொதசொதப்பு, அதே வெள்ளை, அதே இருபது நிமிஷம்.

“இவரை வெளிய அனுப்பட்டுமா?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“வேணாம்” என்றார் அண்ணன். தம்பியைப் பார்த்து, “இங்க வா. கையைக் கொடு” என்றார்.

விரலார் ஒரு கையை நீட்டினார்.

“ரெண்டையும் கொடுடா.”

இரண்டையும் வாங்கி, தச்சுவேலை செய்து காய்த்துப்போன தன் இரண்டு கைகளுக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பட்டறையில் பலகையை இடுக்கியில் மாட்டுவாரே, அப்படி. விரலார் அந்தப் பிடியில் கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயது அண்ணனும் ஐம்பத்திரண்டு வயதுத் தம்பியும், விழாவில் தொலைந்துவிடாமலிருக்கக் கைகோத்த குழந்தைகள் மாதிரி இருந்தார்கள்.

விரலார் கட்டைப் பார்க்காமல் தன் காலடியைப் பார்த்துக் கேட்டார்.

“அந்த மேசை என்னண்ணே ஆச்சு?”

“மொத்தப் பூச்சையும் சுரண்டி எடுத்துட்டு மறுபடி பூசினேன். பத்து நாள் லேட்டா போச்சு.”

“திட்டினாங்களா?”

“திட்டுறதா! எப்ப வரணும்னே அவங்களுக்கு ஞாபகம் இல்ல. ஓரமா வைங்கன்னாங்க.”

விரலார் நிமிர்ந்தார். “அப்ப எதுக்கு மூணு வருஷம் பேசாம இருந்தீங்க?”

“மேசைக்காகன்னு நெனச்சியா?” என்றார் அண்ணன். “தொட்டா தொட்டேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா அன்னைக்கே கேக்கைத் தின்னுட்டு உன்கூடச் சிரிச்சிருப்பேன். நீ ஈயைச் சொன்ன பாரு, அதுதான்டா. என்னை அவ்வளவு முட்டாள்னு நெனச்சுட்டானேன்னு இருந்துச்சு. கொஞ்சம் மறந்தா, மாசாமாசம் ஒருத்தன் ஃபோன் பண்ணி மூச்சு மட்டும் விடுறான்.”

“அது நான்னு தெரியுமா?”

“பெரிய ஈன்னு நெனச்சேன்.”

முதலில் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கால் ஆடக் கூடாது என்று அடக்கி அடக்கிச் சிரித்ததில் அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்க முடியாது, எடுத்தால் தம்பியின் விரல்கள் விடுதலையாகிவிடும். அதனால் அப்படியே விட்டுவிட்டார். தம்பிக்கும் அதே நிலைமை. பார்க்கிறவர்கள் இரண்டு பேரும் அழுகிறார்கள் என்றுதான் சொல்வார்கள். நான் சொல்லவில்லை.

இருபது நிமிஷம் கழித்து அந்த அம்மாள் வந்து கட்டைத் தட்டிப் பார்த்தார். டொக்கென்று சத்தம். “இறுகிடுச்சு. இனிமே விடலாம்” என்றார்.

அண்ணன் விடவில்லை. பாசம் என்று நீங்கள் உருகிவிட வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு நோயாளிக்கு அப்போதுதான் ஈரக்கட்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அண்ணன் காலை ஊன்றி நடக்கிறார். தம்பி ஞாயிற்றுக்கிழமை தோறும் பட்டறைக்குப் போகிறார். அவர் வருகிற நேரத்துக்கு, சாமான்கள் இருக்கும் அறையைப் பூட்டிவிட்டு, ஒன்றுக்கும் ஆகாத ஒரு துண்டுப் பலகையில் புது வார்னிஷைப் பூசி வாசலில் சாய்த்து வைத்துவிடுகிறார் அண்ணன். விரலார் மனம் நிறையத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் ஈரமா இருக்குண்ணே” என்று உள்ளே போய்த் தகவல் சொல்கிறார். அண்ணன் நன்றி சொல்கிறார்.

அவரை நினைத்து நன்றாகச் சிரித்துவிட்டீர்கள். சந்தோஷம். உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இந்தப் பத்திக்கு நீங்கள் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கித்தான் வந்தீர்களா? இல்லை, தலைப்பைப் படித்ததும், எப்படித்தான் முடிகிறது பார்ப்போம் என்று நேரே இங்கே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மேலே போனீர்களா? போனவர் யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் வந்து போகும் வரைக்கும் இந்த இடத்தில் ஒரு நல்ல முடிவு இருந்தது.